விட்ட குறை, லெட்ட குறை

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் 'டு லெட்' அட்டை தொங்கும். அதன் நடுவில் யாராவது ஒரு 'ஐ' எழுத்தைச் செருகி, குடியிருக்கிற வீட்டைக் கழிப்பறையாக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் செய்துவரும் மொழிப்பணி இது. வீட்டுக்காரர் அட்டையை மாற்றுவார். பையன் மறுபடி எழுதுவான். இருவருமே கவனிக்காத சங்கதி என்னவென்றால், அந்த 'ஐ' இல்லாமலே அது வில்லங்கமான அட்டைதான். 'லெட்' என்றால் விடு. 'லெட்' என்றால் தடு. அட்டையைப் படித்துவிட்டு 'இந்த வீடு தடுக்கப்பட்டது போல' என்று ஒருவர் திரும்பி நடந்தால், 400 வருடத்துக்கு முந்தைய ஆங்கிலப்படி அவரைத் தப்புச் சொல்ல முடியாது. 'டு லெட்' என்று பெரிதாக எழுதி, கீழே பொடி எழுத்தில் 'பேச்சிலர் கிடையாது, அசைவம் கிடையாது, நாய் கிடையாது' என்று சேர்க்கும் வீட்டுக்காரர்கள் இரண்டு அர்த்தத்தையும் ஒரே அட்டையில் நிறைவேற்றிவிடுகிறார்கள்.

காமயகவுண்டன்பட்டிப் பக்கத்து ஆட்கள் இந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்கிற பெரியாற்றுத் தண்ணீர் ஒரு குத்தகைப் பத்திரத்தை நம்பித்தான் மலையைத் துளைத்துக்கொண்டு வருகிறது. 1886-இல் எழுதிய பத்திரம். கெடு 999 வருடம். எழுதிய மொழி ஆங்கிலம். விடு என்பதற்கும் தடு என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல நூற்றாண்டு காலம் தள்ளிய மொழியில், ஆயிரத்துக்கு ஒன்று குறைவான வருடங்களுக்குக் கையெழுத்துப் போடும் துணிச்சல் வெள்ளைக்காரனுக்கு மட்டும்தான் வரும்.

999 வருடம் என்றால் எவ்வளவு என்று தெரிய அதே தூரம் பின்னால் போய்ப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் முதலாம் ஆதித்த சோழன் காலம். ராஜராஜன் பிறக்கவில்லை, பெரிய கோயிலுக்குக் கடைக்கால் தோண்டவில்லை. இங்கிலாந்தில் ஆல்பிரட் ராஜா 886-இல் லண்டனைக் கைப்பற்றி வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய குடிமக்கள் பேசிய ஆங்கிலம் இன்றைய லண்டன்காரருக்குக் கன்னத்தில் அறைந்தாலும் புரியாது. அதில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று 'லேட்டன்'. விடு, போக விடு, குத்தகைக்கு விடு என்பதெல்லாம் அதன் பொருள். இன்னொன்று 'லெட்டன்'. தாமதப்படுத்து, தடு.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பூர்வீகப் பொருள் தளர்வு, சோர்வு. கை தளர்ந்தால் பிடித்தது நழுவும். மூத்தவன் அப்படி விடுகிறவன் ஆனான். கால் தளர்ந்தால் போய்ச் சேர நேரமாகும். இளையவன் அப்படித் தாமதக்காரன் ஆனான். ஆபீசுக்கு 'லேட்' என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்த லேட் இளையவனுக்குப் பெயர் வைத்த அப்பன். ஒரு காரியத்தை மறுக்க வேண்டியதில்லை, லேட்டாக்கினால் போதும், அதுவே தடை என்ற அரசாங்க ரகசியத்தை ஆல்பிரட் காலத்திலேயே வினைச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். நம் தாலுகா ஆபீஸ்கள் பிற்பாடு நடைமுறைப்படுத்தியதோடு சரி.

காலம் போகப் போக இரண்டுக்கும் வால் தேய்ந்தது. ஒலியும் எழுத்தும் ஒன்றாகி இருவரும் 'லெட்' ஆனார்கள். ஒரே சட்டையில் இரட்டையர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், பேயின் பின்னால் போகவிடாமல் தன்னைப் பிடித்து இழுக்கிற நண்பர்களிடம் சீறும் இடத்தில் பயன்படுத்துவது இளையவனை. 1611-இல் வந்த ஜேம்ஸ் ராஜா பைபிளிலும், பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் ஒரே வரியில் இரண்டு தடவை இளையவன் வந்து நிற்கிறான். அதை மூத்தவன் என்று நினைத்துப் படித்தால் வேதமே தலைகீழாகும். பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் பதறிப்போய் அவனை வெளியேற்றி வேறு சொல்லைக் குடிவைத்தார்கள்.

இளையவன் இன்றைக்கு மிச்சமிருப்பது இரண்டு மூன்று இடத்தில்தான். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையைத் தொட்டுவிட்டுப் போனால் அம்பயர் 'லெட்' என்கிறார். இடைஞ்சல், மறுபடி போடு என்று அர்த்தம். 'விட்டுவிடு' என்று நினைத்துக்கொண்டு டிவியில் பார்த்திருந்தால் பாதகமில்லை, நாம் டென்னிஸ் ஆடவா போகிறோம். இன்னொரு இடம் நம் பாஸ்போர்ட். முதல் பக்கத்தில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சடித்திருக்கிறார்கள்: இவரை 'லெட்'டும் தடங்கலும் இல்லாமல் போக அனுமதியுங்கள் என்று. கம்பத்திலிருந்து துபாய்க்குப் போகிறவர் அந்த வரியை இன்றைய அர்த்தத்தில் படித்தால், அனுமதி இல்லாமல் அனுமதிக்கச் சொல்கிறார்கள் என்றுதான் வரும். நல்ல வேளையாக அந்தப் பக்கத்தைக் குடியேற்ற அதிகாரி உட்பட யாரும் படிப்பதில்லை.

இந்த இடத்தில் உறவுமுறையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அவுட்லெட் இந்தக் குடும்பம். வெளியே விடுகிற வழி. டாஸ்மாக் கடையை ஆபீஸ் பாஷையில் அவுட்லெட் என்பார்கள். உள்ளே போகிறவர் என்னவோ நேரே நடந்துதான் போகிறார். ஆம்லெட், கட்லெட், டாய்லெட் மூன்றும் பிரெஞ்சுக்காரர்கள். கல்யாணப் பந்தியில் நடுவே உட்கார்ந்துவிட்ட ஒட்டாத சொந்தம்.

'லீஸ்' யார்? லெட்டுக்கு ரத்த உறவில்லை, சம்பந்தி வீடு. லத்தீனில் 'லக்ஸாரே' என்றால் தளர்த்து. அது பிரான்ஸ் வழியாக வந்து ஆங்கிலத்தில் லீஸ் ஆனது. அதே லக்ஸாரேயின் மற்ற வாரிசுகள் ரிலாக்ஸ், ரிலீஸ், அப்புறம் லாக்ஸடிவ். ஆமாம், பேதி மாத்திரை. குத்தகைப் பத்திரத்துக்கும் பேதி மாத்திரைக்கும் பாட்டி ஒருத்திதான். இரண்டு விஷயத்திலும் ஒருமுறை விட்டபின் பாதியில் நிறுத்துவது சிரமம் என்பதை, பெரியாற்றுக் குத்தகையை விட்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால் பத்திரம் எழுதும் வக்கீல்களுக்கு லெட் என்ற சொல் அவ்வளவு பிடிக்காது. மூன்றெழுத்துக்கு என்ன ஃபீஸ் கேட்பது? 'டிமைஸ்' என்பார்கள். குத்தகைக்கு விடு என்றும் பொருள், சாவு என்றும் பொருள்.

வெள்ளைக்காரன் லெட், லீஸ், லீவ், ரிலீஸ் என்று ஒரு பட்டாளத்தை வைத்துச் செய்கிற வேலையை நாம் 'விடு' என்ற ஒற்றை ஆளை வைத்துச் செய்கிறோம். குத்தகைக்கு விடு, வட்டிக்கு விடு, மூச்சு விடு, பட்டம் விடு, லீவு விடு, சவால் விடு, கதை விடு, கோட்டை விடு. ஏப்பமும் விடுகிறோம், அதற்குக் கீழ்த்தளத்து வாயுவையும் விடுகிறோம். சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டால் காய் விடுவார்கள், சமாதானமானால் பழம் விடுவார்கள். உறவை முறிக்கவும் விடு, ஒட்டவும் விடு. ஒழிந்த வேளையில் இன்னொரு வினைக்குப் பின்னால் நின்று துணைவினை உத்தியோகமும் பார்க்கும்: வந்துவிட்டான், தின்றுவிட்டான், செத்துவிட்டான். விடு நீண்டால் வீடு. பள்ளிக்கூடத்தில் 'முதனிலை திரிந்த தொழிற்பெயர்' என்று பிரம்பு காட்டிச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ஆக 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டையில் ஒரே ஆள் இரண்டு சம்பளம் வாங்குகிறார்.

பள்ளத்தாக்கில் இன்னொரு கூத்து உண்டு. இங்கே வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற ஒக்கலிகர் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. கன்னடத்தில் விடு என்பது 'பிடு'. பஸ்ஸுக்குப் போடுகிற அழுத்தமான 'ப' போட்டுச் சொல்ல வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து 'பிடு' என்று கத்தினால் கையிலிருப்பதை விட வேண்டும். தமிழ்க் காதில் விழுவது கிட்டத்தட்ட 'பிடி'. விருந்துக்கு வந்த தமிழ்ச் சம்பந்தி சூடான பாத்திரத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது. இதையெல்லாம் உட்கார்ந்து ரசிக்கத் தகுந்த ஆள் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல். ஆனால் பெரியாறு விஷயத்தில் மூக்கை நுழைத்தவர் வேறொரு கால்டுவெல்.

அந்தக் கதைக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் பெரியாறு அளவில்லாமல் ஓடி அரபிக் கடலில் விழுகிறது. இந்தப் பக்கம் வைகை, பெயரளவில் ஆறு. மலையில் ஓட்டை போட்டு அங்கிருந்து இங்கே விட்டால் என்ன என்ற யோசனை முதலில் வந்தது வெள்ளைக்காரனுக்கு அல்ல. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு. 1789-இல் அவர் விவரமான ஆட்கள் 12 பேரைப் பொறுக்கி எடுத்து மலைக்கு அனுப்பினார். போனார்கள், பார்த்தார்கள், முடியும் என்றார்கள். செலவைக் கேட்ட சமஸ்தானம் மூச்சு விடவில்லை. யோசனை அங்கேயே படுத்துக்கொண்டது.

1808-இல் கும்பெனி அனுப்பிய ஜேம்ஸ் கால்டுவெல் மலையேறி இறங்கி, இது வெறும் பகல்கனவு, இனிமேல் ஏறெடுத்தும் பார்க்க வேண்டியதில்லை என்கிற தோரணையில் அறிக்கை கொடுத்தார். 1850-இல் சின்னதாக ஒரு முயற்சி. காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்த கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டதும் அதுவும் நின்றது. 1860-களில் மேஜர் ரைவ்ஸ் மண் அணைக்குத் திட்டம் போட்டார். கோப்பு இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நடுவே 1876-78 பெரும் பஞ்சம், தாது வருஷப் பஞ்சம், வந்து சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஆட்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் கோப்புக்கு உயிர் வந்தது. முக்கால் நூற்றாண்டு அதைப் பிடித்து வைத்திருந்தது யார் என்றால், நம் இளைய லெட்.

அப்போது வந்து சேர்ந்தவர் பெயரிலேயே 'குயிக்' வைத்திருந்தார். ஜான் பென்னிகுயிக், 1841 ஜனவரி 15-இல் புனேயில் பிறந்த ராணுவப் பொறியாளர். ஸ்காட்லாந்தில் அந்தப் பெயரைப் 'பென்னிகுக்' என்றுதான் உச்சரிப்பார்கள். பள்ளத்தாக்கு மக்கள் எழுத்தை நம்பி குயிக் என்றே வைத்துக்கொண்டார்கள். லேட்டுக்கு மருந்து குயிக் என்று யாரோ மேலிருந்து எழுதி அனுப்பியது போலத்தான் இருக்கிறது.

அணை கட்ட இடம் திருவிதாங்கூருடையது. ஆகவே பேரம். வருடக்கணக்காக இழுத்த பேரம் 1886 அக்டோபர் 29-இல் பத்திரமானது. விடுகிறவர் திருவிதாங்கூர் மகாராஜா, எடுக்கிறவர் இந்திய விவகார அமைச்சர். திருவிதாங்கூர் தரப்பில் திவான் ராமையங்கார் கையெழுத்து, அந்தப் பக்கம் ரெசிடென்ட் ஹானிங்டன் கையெழுத்து. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருடம் 40,000 ரூபாய். கெடு 1886 ஜனவரி 1 முதல் 999 வருடம். முடிந்ததும் எடுத்தவர் விரும்பினால் இன்னொரு 999. சென்னையில் 11 மாத அக்ரிமென்ட் போட்டு, பத்து மாத அட்வான்ஸ் வாங்கி, வருடா வருடம் ஏற்றுகிற வீட்டுக்காரர்கள் இந்த ஷரத்துகளைப் படித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

நெஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. விசாகம் திருநாள் மகாராஜா, என் இதயத்து ரத்தத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று கலங்கியதாக மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. உருக்கமான கதைதான். ஒரே ஒரு குறை, விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். பத்திரம் பதிவானபோது சிம்மாசனத்தில் இருந்தவர் மூலம் திருநாள். முன்னே சொன்னேனே 'டிமைஸ்' என்று, அதன் இரண்டு அர்த்தமும் ஒரே இடத்தில் பலித்தது இங்கேதான்.

இந்தப் பக்கமும் சளைத்ததில்லை. பென்னிகுயிக் சீமையில் சொத்தை விற்று, பெண்டாட்டி நகையை விற்று அணை கட்டினார் என்று நம் டீக்கடைகளில் சத்தியம் செய்வார்கள். கட்டியது சென்னை அரசாங்கத்தின் பணம், அதாவது நம் தாத்தாக்கள் கட்டிய தீர்வை. அந்தப் பக்கத்துக் கதையில் ராஜா ரத்தம் விடுகிறார், இந்தப் பக்கத்துக் கதையில் துரை சொத்தை விடுகிறார். நிஜமாக ரத்தம் விட்ட கூலியாட்களுக்குக் கதையே இல்லை. தேக்கடிக் காட்டில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். செருப்பு வார், கால் விரல் இடுக்கு, வேட்டி மடிப்பு எங்கே வேண்டுமானாலும் ஏறும். கடித்தது தெரியாது, சட்டியில் பால் பொங்கியது போல ரத்தம் வழிவதைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆங்கில வைத்தியர்கள் ஒரு காலத்தில் எந்த நோய்க்கும் 'பிளட் லெட்டிங்' செய்தார்கள். ரத்தம் விடுதல். தொண்டை வலி என்று படுத்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1799-இல் அவருடைய வைத்தியர்கள் அன்றைக்கே பலமுறை ரத்தம் எடுத்தார்கள். ராத்திரியே போய்ச் சேர்ந்தார். பெரியாற்றில் அந்த வைத்தியத்தை அட்டைகள் கன்சல்டிங் ஃபீஸ் இல்லாமல் செய்தன. மிச்சத்தை மலேரியா பார்த்துக்கொண்டது.

1887-இல் வேலை தொடங்கியது. மதராஸ் பயனியர் படை வீரர்கள், கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள், மதுரைப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான கூலிகள். ஆற்றைத் திருப்ப எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்டுவார்கள், மறுபடி போகும். நோயில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்து அணை எழுந்தது. 5,704 அடிக்கு மலைக்குள் சுரங்கம் குடைந்தார்கள். 1895 அக்டோபர் 10-இல் கவர்னர் வென்லாக் பிரபு வந்து தண்ணீரைத் திறந்துவிட்டார். மேற்கே போக வேண்டிய ஆறு முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழக்கே வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றில் சேர்ந்து, வைகைக்குப் போனது. பகல்கனவு என்று எழுதிய கால்டுவெல் அப்போது இல்லாதது அவர் புண்ணியம்.

குடித்தனம் சுமுகமாக நடந்ததா என்றால், எந்த வாடகை வீட்டிலும் வருகிற சண்டைதான் வந்தது. 'குடியிருக்க விட்டேன், கடை வைக்கவா விட்டேன்?' சென்னை அரசு அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கப் பார்த்தது. பாசனத்துக்குத்தான் விட்டோம் என்றது திருவிதாங்கூர். மத்தியஸ்தர்கள் இருவருக்கும் கருத்து ஒத்துவரவில்லை. சட்டப்படி மூன்றாவதாக ஒருவரை உட்கார வைத்தார்கள். அவருக்கு அன்றைய சட்டம் வைத்திருந்த பெயர் அம்பயர். 1941-இல் அவர் தீர்ப்புச் சொன்னார்: பாசனத்துக்கு மட்டும்தான். டென்னிஸ் அம்பயர் சொல்கிற அதே லெட், இந்தத் தடவை பந்து இருந்த இடத்தில் பெரியாறு.

அடுத்த வருடமே இன்னொரு குடித்தனச் சொல் பள்ளத்தாக்கை வந்தடைந்தது. 1882 சொத்து மாற்றுச் சட்டத்துப்படி குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி அனுப்புவதற்கு 'நோட்டீஸ் டு க்விட்' என்று பெயர். லண்டனில் பாரிஸ்டர் படித்த காந்திக்கு இது தெரியாதா? யூசுப் மெஹரலி எடுத்துக்கொடுத்ததாகச் சொல்லப்படும் 'க்விட் இந்தியா' முழக்கத்தோடு 1942 ஆகஸ்ட் 8-இல் பம்பாய் கொவாலியா குளம் மைதானத்தில் நாற்பது கோடிப் பேர் சார்பாக நோட்டீஸ் கொடுத்தார். குடியிருந்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதற்குப் பதில், நோட்டீஸ் கொடுத்தவரைப் பிடித்து உள்ளே போட்டார். காலி செய்ய ஐந்து வருடம் எடுத்துக்கொண்டார், போகும்போது வீட்டை இரண்டாகத் தடுத்துவிட்டுப் போனார். காமயகவுண்டன்பட்டி சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்குப் பேர்போன ஊர். பிற்பாடு காந்திக்குக் கோயிலே கட்டிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்து கொடுத்த வக்கீலுக்குக் கோயில் கட்டிய ஊர். பீஸ் பாக்கி வைக்காத கட்சிக்காரர்கள்.

எடுத்தவரும் போய், விட்டவரும் போய், குத்தகை மட்டும் நின்றது. வெள்ளைக்காரன் போனதோடு அதுவும் போயிற்று என்று கேரளம் வாதாடிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தீர்ப்புக்கு வெகு முன்பே, 1970-இல், இரண்டு மாநிலமும் உட்கார்ந்து ஷரத்தைப் புதுப்பித்தன. வாடகை ஏக்கருக்கு 5-லிருந்து 30 ரூபாய், 30 வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. மீன் பிடிக்கிற உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. லோயர்கேம்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்நிலையத்துக்கும் தனிக் கட்டணத்தோடு சம்மதம் கிடைத்தது. அம்பயர் 1941-இல் மறுத்த புள்ளியை ஆட்டக்காரர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

1979-இல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்தது. அந்தப் பீதியில் இங்கே நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். 152 அடி தேக்க வேண்டிய அணை. பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006-இல் 142 அடிக்கு உயர்த்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் சட்டம் திருத்தித் தடுத்தது. 2014 மே 7-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு, மறுபடி 142. இத்தனை வருடமாக இந்தப் பக்கம் மூத்த லெட்டையும் அந்தப் பக்கம் இளைய லெட்டையும் கையில் வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறோம். ஆங்கிலத்தில் வாதாடியதால்தான் இவ்வளவு செலவு. மலையாளத்திலும் 'விடுக'தான். கீழே படுகையில் இருக்கிற இடுக்கிக்காரருக்குப் பயம் இருப்பதும் பொய்யில்லை. இங்கே ஐந்து மாவட்டத்துக்குத் தண்ணீர் வேண்டியதும் பொய்யில்லை. ஆனால் 2011 டிசம்பரில் கூடலூரிலிருந்து குமுளி நோக்கிக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியபோது யாரும் இதையெல்லாம் நிதானமாகப் பேசிக்கொண்டு போகவில்லை.

அதே சமயம் 'டேம் 999' என்று ஒரு படம் வந்தது. அணை உடைகிற கதை, தலைப்பில் குத்தகை வருடம். தமிழ்நாட்டில் தடை போட்டார்கள். தண்ணீரை ரிலீஸ் பண்ணு என்று மேடையில் முழங்கிய வாயாலேயே படத்தை ரிலீஸ் பண்ண விடமாட்டோம் என்றோம்.

எல்லாம் கூடிவந்து அணையில் தண்ணீரும் இருந்தால், ஜூன் 1-ஆம் தேதி தேக்கடித் தலைமதகில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கு முதல்போகத் தண்ணீர் திறப்பார்கள். கலெக்டர், எம்.எல்.ஏ., விவசாய சங்கத்தார் எல்லோரும் வரிசையாக நின்று பூத் தூவுவார்கள். ஷட்டரைத் தூக்குகிற பொத்தானை அழுத்துவது ஒரு விரல்தான் என்றாலும் போட்டோவில் ஏழெட்டுக் கை இருக்கும். பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100. அங்கிருந்து அது கீழே வந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக வரப்பில் நிற்கிற ஒருவரின் செல்போனில் வந்து முடியும்.

"மாப்ள, தண்ணி விட்டாச்சாடா?"

"விட்டாச்சு மாமா. மேமடைக்காரன் விட மாட்டேங்கிறான்."

மாமாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மேமடைக்குக் கிளம்பிவிடுவார்.

பென்னிகுயிக்குக்கு லோயர்கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, 2013-இல் திறந்தது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். தைப்பொங்கலை ஒட்டி வருவதால் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ராமையங்கார் பெயரை ஒரு பொட்டிக்கடைக்குக்கூட வைக்கவில்லை. ஓட்டை போட்டுப் பார்க்கலாம் என்று முதலில் சொன்ன முத்திருளப்ப பிள்ளைக்கும், அவர் அனுப்பிய 12 பேருக்கும் பொங்கல் கிடையாது. சமஸ்தானம் செலவைப் பார்த்துப் பின்வாங்கியதற்கு இந்தத் தண்டனை கொஞ்சம் அதிகம்.

குத்தகையின் முதல் தவணை 2884 டிசம்பர் 31-ஆம் தேதி முடிகிறது. அடுத்த 999-க்கு எழுதி வாங்க வேண்டுமானால் அதற்குள் ஆளனுப்ப வேண்டும். அன்றைக்கு ஆங்கிலம் எந்த நிலையில் இருக்குமோ, லெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்குமோ, அதெல்லாம் அப்போது இருக்கிற வக்கீல்கள் பாடு. நீர்வளத் துறைக்கு இப்போதே ஒன்று மட்டும் குறித்துக் கொடுத்துவிடலாம். கடைசி நாள் வரை இழுத்தடிக்கிற வேலை ஆகாது. 2884 டிசம்பர் 31 ஞாயிற்றுக்கிழமை, ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு லீவு விட்டிருப்பார்கள்.